யானைத்தோல் சூடிய இஃப்ரி

நேற்று டவுன்டவுனில் பழைய நாணயங்கள் விற்கும் கடையொன்றின் கண்ணாடிக்குள், ஒரு காசில் அவளைப் பார்த்தேன். தலையில் யானைத்தோல், நெற்றிக்கு மேலே நிமிர்ந்த துதிக்கை, அதன் கீழே அமைதியான ஒரு பெண்ணின் முகம். உன் கழுத்துச் சங்கிலியில் நான் ஐந்து வருடம் பார்த்த முகம். பனியில் கால் விறைக்கும்வரை அங்கேயே நின்றேன்.

டோர்வல் விமான நிலையத்தருகே, விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில், நீயும் நானும் எதிரெதிரே நின்று தட்டுகளை அடுக்கினோம். நீ அல்ஜீரிய மலைநாட்டுக்காரி. என் உடைந்த பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்பாய். முதல்நாள், "இது எங்கட பிள்ளையாரோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். விளங்காமலே சிரித்தாய். பிறகு சொன்னாய்: அவள் இஃப்ரி. நிலம் விளையவும் பிள்ளை பிறக்கவும் உன் முன்னோர் வேண்டிய குகைத் தெய்வம். ரோமர்கள் வந்து அவளை ஆப்பிரிக்கா என்று அழைத்து, யானைத்தோல் சூட்டிக் காசில் பொறித்தார்களாம்.

எனக்கு மூன்றாவது கருவும் கலைந்த கிழமை, அந்தச் சங்கிலியைக் கொஞ்சநாள் தரச்சொல்லிக் கேட்டேன். நீ அதைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, "தரமாட்டன்" என்றாய். திரும்பித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாய்.

"அவவுக்கு என்ன கஷ்டமோ, விடுமன்" என்றார் என் கணவர். நான் விடவில்லை. மாற்றம் கேட்டு வேறு வரிசைக்குப் போனேன். நீ தூரத்திலிருந்து பார்த்தால் குனிந்துகொண்டேன்.

பிறகு நீ வேலைக்கு வரவில்லை. ஏனென்று நான் விசாரிக்கவுமில்லை. மாசியில் உன் தங்கை உன் லொக்கரைத் திறக்க வந்தபோதுதான் நீ இறந்தது தெரிந்தது. புற்றுநோய்.

என் பெயரைக் கேட்டதும் அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா அதைப் போட்டுக்கொண்டு ஏழு வருஷம் பிள்ளை கேட்டவ. கிடைக்கேல்லை. உங்களையும் அப்பிடிக் காக்க வைக்க அவவுக்கு மனம் வரேல்லை."

"அப்ப ஏன் கழட்டேல்லை?"

"கேக்கிறதை விட்டிட்டா. இஃப்ரியை விடேல்லை."

அன்று பின்னேர விமானத்தில் உன்னை அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்த விமானத்துக்கான தட்டுகள் என் வரிசைக்குத்தான் வந்தன. கீழே சரக்கோடு நீ. மேலே இருப்பவர்களுக்கு நான் பாணும் வெண்ணெயும் வைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. "சுகமில்லையோ அக்கா?" என்றாள் பக்கத்தில் நின்றவள். ஒன்றுமில்லை என்றேன்.

உன் தங்கை புறப்படுமுன் அவளிடம், உங்கள் மொழியில் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று கேட்டிருந்தேன். "சுரெஃபியி" என்றாள். அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அதை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். உச்சரிப்புச் சரியோ பிழையோ, திருத்த நீ இல்லை.