மேஸ்திரி பையில இருந்த காந்தம்

தட்டாஞ்சாவடி,
புதுச்சேரி.

அப்பாவுக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்களுக்கு மறுபடி மயக்கம் வந்துச்சா? பேஸ்மேக்கர்னு ஆரம்பிச்சாலே போனை கட் பண்றீங்க, அதான் எழுதுறேன்.

எங்க பட்டறை மேஸ்திரி லூர்துநாதனுக்கும் உங்களை மாதிரியே துடிப்பு மெதுவா இருந்துச்சு. போன மாசம்தான் பேஸ்மேக்கர் வச்சாங்க. வெல்டிங் பக்கம் போகக் கூடாதாம். வாசல்ல நாற்காலி போட்டு அங்கிருந்தே எங்களைத் திட்டுறாரு.

முந்தாநேத்து செக்கப்புக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஸ்க்ரீன்ல துடிப்பு ஒரே வேகத்துல கடகடன்னு ஓடுச்சு. டாக்டர் மேஸ்திரியோட சட்டைப் பையைப் பார்த்து, "என்னங்க இது?"ன்னாரு. வெல்டிங்ல இரும்பைப் பிடிச்சு நிறுத்துற காந்தம்!

"முப்பது வருஷப் பழக்கம் சார். அது இல்லன்னா சட்டை போட்ட மாதிரியே இல்ல."

"நெஞ்சுல இருக்கிற மெஷினுக்குக் காந்தம் ஆகாதுங்க. பக்கத்துல இருந்தா அது நிறுத்தாம தட்டிக்கிட்டே இருக்கும்."

நான் மேஸ்திரி கையைப் பிடிச்சிருந்தேன். காந்தத்தை எடுத்ததும் என் விரலுக்கடியில நாடி நிதானமாச்சு. புல்லரிச்சுடுச்சுப்பா! தீப்பெட்டியைவிடச் சின்னது அந்த பேஸ்மேக்கர். நெஞ்சு தானா துடிச்சா சும்மா பார்த்துக்கிட்டு இருக்குமாம், துடிக்க மறந்தா மட்டும் தட்டி விடுமாம்.

"மெஷின் வச்சா அப்புறம் அது என் நெஞ்சா?"ன்னு கேட்டீங்களே. உங்க நெஞ்சுதான். மறந்தா ஞாபகப்படுத்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமைக்கு டாக்டர்கிட்ட உங்க பேர் கொடுத்துட்டேன். வரும்போது அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயும் என் நீலப் போர்வையும் எடுத்துட்டு வாங்க. ரூம்ல ரெண்டாவது பாய் வாங்கிப் போட்டிருக்கேன்.

மேஸ்திரி கத்துறாரு, போறேன். உங்க கையையும் அப்படிப் பிடிச்சுப் பார்க்கணும். வந்துடுங்கப்பா.

புருஷோத்தமன்