கொடியின் மறுமுனை

எடிசன், நவம்பர் 2004

அன்புள்ள அம்மாவுக்குப் பூபதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, என்னோடு தங்கியிருக்கும் பிரகலாத்துக்கு வாழ்த்துச் சொல்லப் போனேன். "இப்ப வேண்டாம், முதல்ல முன்னோர் சாப்பிடட்டும்" என்றான். ராஜஸ்தானில் குர்ஜர் விவசாயிகளின் கிராமம் அவனுடையது. அங்கே தீபாவளிக் காலையில் பங்காளிகள் எல்லோரும் குளக்கரையில் வரிசையாக நின்று, ஒரே நீளக் கொடியைப் பிடித்துத் தண்ணீரில் நனைத்து, முன்னோருக்குப் பாயசம் படைப்பார்களாம். வம்சம் அந்தக் கொடி போல அறாமல் நீளவேண்டும் என்று வேண்டுதல். நாம் வாழையடி வாழை என்கிறோமே, அதுதான்.

இங்கே மறுமுனையைப் பிடிக்க அவனுக்கு ஆள் இல்லை. "நீ வர்றியா?" என்றான். வேலியில் படர்ந்திருந்த கொடியை அறுத்துக்கொண்டு பார்க்கில் இருக்கும் குளத்துக்குப் போனோம். நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மா, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "ஃபேமிலி ஃபங்ஷன்" என்றான் பிரகலாத். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

"உங்க ஆளுங்க பேரையும் சொல்லுடா" என்றான். அப்பாவின் காரியத்துக்கு வர விசா விடவில்லையே, இந்தக் குளக்கரையிலாவது அப்பா பேரைச் சத்தமாகச் சொன்னேன். தாத்தா பேரும் சொன்னேன். தாத்தாவின் அப்பா பேர் தெரியாமல் நின்றேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஊறுகாய் அனுப்பும்போது அந்தப் பேரையும் அனுப்புங்கள். புகுந்த வீட்டுப் பெரியவர் பேரை நீங்கள் வாயால் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். எழுதினால் போதும், சொல்ல நான் இருக்கிறேன்.

மகன்,
பூபதி