இன்று ஜன்னல் திறக்கலாமா

மார்ச் 4
தாள் மாற்றினேன். புதுத் தாளை இயந்திரத்தில் வைக்கும் முன் ஒரு எடை, ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்த பிறகு ஒரு எடை. வித்தியாசம்தான் ஊர் சுவாசித்த தூசு. நான் எழுதிக் கொடுத்தால்தான் தெருமுனைப் பலகையில் எண் ஏறும். இன்று 186. பலகை சிவப்பு. பிரிவுத் தலைவர் முகமும் அதே நிறம்.

மார்ச் 6
உருக்காலைப் புகைக்கூண்டில் தூசைப் பிடிக்கும் பைகள் கிழிந்துவிட்டனவாம். புதுசு வர ஒரு மாதமாம். அதுவரை? தண்ணீர் லாரி! காற்றை அளக்கும் எங்கள் நிலையத்தைச் சுற்றி மரம், சுவர், தரை எல்லாம் நனைய, ஒரு நாளைக்கு ஆறு முறை. இயந்திரம் இழுக்கும் இடத்தில் மட்டும் தூசு அடங்கிவிடும்.
"பை வர்ற வரைக்கும்தாம்மா. ஜனங்க பயந்துடக் கூடாது பாருங்க" என்றார் தலைவர்.
லாரி ஓட்டுநருக்கு அதற்குள் மழை அண்ணன் என்று பெயர் வைத்தாகிவிட்டது. நானும் சிரித்தேன்.

மார்ச் 9
61. பச்சை. இயந்திரத்தில் கோளாறில்லை, எடையில் தப்பில்லை. நான் எழுதியது பொய்யே இல்லை. பிறகு ஏன் மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 15
தங்கை போன் செய்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு.
"அக்கா, உன் ஆபீஸ் பக்கத்துலயே வீடு பார்த்துட்டோம். ஒரு வாரமா உன் போர்டு பச்சை! அதைப் பார்த்துதான் முடிவு பண்ணோம்."
எங்கள் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆலைப் பக்கம்.
"வாடகை கட்டுப்படியாகுமா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது அதுவா? வாயைத் தைத்தா வைத்திருந்தார்கள்?

மார்ச் 22
குடிவந்து மூன்று நாள். காலை ஏழரை ஆனால் போன். "அக்கா, இன்னிக்கு ஜன்னல் திறக்கலாமா?" எதிரே பலகை இருந்தாலும் அக்கா வாயால் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி.
58. "திற" என்றேன்.

மார்ச் 23
"திற."

மார்ச் 24
"திற."

மார்ச் 27
மாலை அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தேன் — கறுப்பு. காலையில்தான் துடைத்தாளாம். பேச்சின் நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குகிறாள்.
"புது இடம்ல, பழகிடும்" என்றார் அவள் வீட்டுக்காரர்.
யாரும் பார்க்காதபோது விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

மார்ச் 30
"பை எப்ப சார் வரும்?"
"எண்ணுதான் நல்லா இருக்கே. அப்புறம் ஆலைக்காரன் எதுக்கும்மா அவசரப்படப் போறான்?" என்று சிரித்தார் தலைவர்.
அப்போதுதான் உறைத்தது. நாங்கள் தெளிக்கிற தண்ணீர்தான் பைகளை வரவிடாமல் வைத்திருக்கிறது.

ஏப்ரல் 2
ஆஸ்பத்திரி. ஆக்சிஜன். உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. காலையில நான்தானே திறன்னு சொன்னேன். நான்தானே!
டாக்டரிடம் அவள் வீட்டுக்காரர் சொல்கிறார்: "காத்துல ஒண்ணும் இல்ல டாக்டர். தினமும் இவங்கதான் பார்த்துச் சொல்றாங்க."
டாக்டர் என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 4
நிலையத்தின் வாசல் கேட்டைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். லாரி வந்து நின்றது.
"என்னம்மா, எனக்கு லீவா?"
"ஆமாண்ணே."
மழை அண்ணன் கியரைப் பின்னுக்குப் போட்டார். "யாராவது கேட்டா வண்டி ரிப்பேர்னு சொல்லிடறேன்" என்று திரும்பிப் போனார். அவர் வீட்டிலும் இருமலோ என்னவோ, நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 5
241. எழுதினேன். பலகையில் ஏற்றினேன். தலைவர் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் தெருமுனையில் கூட்டம். சாயங்காலம் ஆலைக் கூண்டில் புகை இல்லை.

ஏப்ரல் 6
நேற்றைய கறுத்த தாளை மூடி போட்ட கண்ணாடித் தட்டில் வைத்து, ஆஸ்பத்திரியில் தங்கை கையில் கொடுத்தேன். உற்று உற்றுப் பார்த்தாள்.
"இதைப் பார்த்துட்டா தினமும் திறக்கச் சொன்ன?"
"இல்ல." லாரி, தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குடிவருவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்பதையும்.
நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தட்டை என்னிடமே நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 19
புதுப் பைகள் மாட்டி மூன்று நாள் ஆகிறது. அதற்குப் பிறகுதான் ஆலை ஓடுகிறது. எனக்குக் கோப்பு அறைக்கு மாற்றல், திங்கட்கிழமை முதல். இன்று தாளை எடை போட்டேன்: 54. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல்.
அவள் வீடு திரும்பிவிட்டாளாம். அவள் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.
ஏழரைக்கு போனை மேசை மேல் வைத்து உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி வரை பார்த்தேன். பிறகு எண்ணைப் பலகையில் ஏற்றினேன்.
வேலை முடிந்து அந்தத் தெரு வழியாக நடந்தேன். தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்திருந்தன. அவளுடையது மட்டும் மூடியிருந்தது.