விருப்பப் பாடமும் கடைசி வள்ளமும்

1 செப்டெம்பர் 2025, திங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் இன்று தொடங்கியது. திரும்பி வரும்போது வள்ளத்தில் இருக்க இடமில்லை. யாரோ வாங்கிய புது அலுமாரி ஒன்று இருக்கை வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. நான் அதற்குக் காவல் நிற்பவள் மாதிரிப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன். அதற்கும் ரிக்கற் எடுத்தார்களாம். அப்படியென்றால் அதற்கு உரிமை இருக்கிறதுதான்.

கட்டாயப் பாடங்களோடு இந்த வருடம் இரண்டு விருப்பப் பாடம் எடுக்கவேண்டும். முதல் இரண்டு கிழமையும், பதினைந்தாம் திகதி வரைக்கும், எந்த வகுப்பிலும் இருந்து பார்க்கலாம், பிறகு முடிவு சொல்லவேண்டும். நாளைக்கு எங்கள் பாட ஆலோசகர் ஜெனீற்றா மிஸ் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கதைக்கப்போகிறாராம்.

2 செப்டெம்பர், செவ்வாய்

"உமக்கு எதில விருப்பம், கோசலா?"

இவ்வளவுதான் கேள்வி. உயர்தரத்தில் பொருளியலுக்கு ஏ எடுத்தவள் நான். மிஸ்ஸின் மேசையில் கிடந்த பாடப் பட்டியலைத் தலைகீழாக வாசித்துப் பார்த்தேன். கடைசியில் "அபிவிருத்திப் பொருளியல், மிஸ்" என்றேன். ஏன் என்று கேட்டார். "நாட்டுக்கு நல்லது" என்றேன். மிஸ் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நாடு அப்படி ஒன்றும் என்னை நம்பி இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

வெளியில் என் சிநேகிதி நிலக்சனா சிரித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு விருப்பம் மத்தியானத்தோட முடியிற பாடம். அதைச் சொல்லியிருக்கலாமெல்லே?"

கோபம் வந்தது. பிறகு யோசித்தால், உண்மை. நாரந்தனைக்காரி அவள். ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினால் வீட்டு வாசலில் இறங்கலாம். நான் நயினாதீவு. குறிகட்டுவான் வரைக்கும் பஸ்ஸில் குலுங்கி, அங்கே கடைசி வள்ளத்தைப் பிடிக்கவேண்டும். அதனால் முதலாம் வருடம் பொருளாதார வரலாறு எடுத்தேன், காலையில் நடந்தது. தொழிற் பொருளியலை விட்டேன், பின்னேரம் நடந்தது. யாராவது கேட்டால் "வரலாற்றில் ஒரு ஈடுபாடு" என்று சொல்லுவேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். இரண்டு வருடமாக என் விருப்பம் குறிகட்டுவான் துறையில் கட்டிக் கிடந்திருக்கிறது.

3 செப்டெம்பர், புதன்

எனக்கு எதில்தான் விருப்பம்? பின்னேரம் பாயில் படுத்து ஆழமாக யோசித்தேன். யோசித்தது நித்திரையில் என்று எழும்பிய பிறகு தெரியவந்தது.

4 செப்டெம்பர், வியாழன்

இன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது.

போக்குவரத்துப் பொருளியல் என்று புதுப் பாடம். ஆரூரன் சேர் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து கிழமைக்கு ஒரு நாள், வியாழன் மட்டும், வருகிறார். மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியும். எனக்கு ஒத்துவராது என்று தெரியும். பஸ்ஸுக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது, மின்விசிறிக்குக் கீழே இருப்போம் என்று போய் இருந்தேன்.

அவர் கேட்டார்: "காத்து நிக்கிற நேரத்துக்கு விலை இருக்கோ? இருந்தா, அதை ஆர் குடுக்கினம்?"

எனக்கு உடம்பு ஒருமுறை நிமிர்ந்தது. இதைத்தானே நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். துறையில் வள்ளங்கள் முறை வைத்து ஓடும். முறை வந்த வள்ளம் ஆள் நிரம்பும்வரை அசையாது. நிரம்பினால் வள்ளக்காரருக்கு இலாபம், முதல் ஏறியவருக்கு அரை மணித்தியாலம் நட்டம். அந்த அரை மணித்தியாலம் எங்கே போகிறது? யாருடைய கணக்கில் விழுகிறது? இதெல்லாம் ஒரு பாடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பதில் வருவதற்குள் பஸ் நேரம் வந்துவிட்டது. எழும்பி ஓடினேன். போக்குவரத்துப் பொருளியல் படிக்க எனக்குப் போக்குவரத்து இல்லை.

கடைசி வள்ளத்தை ஓட்டும் வசீகரன் அண்ணையிடம் கேட்டேன், அது மட்டும் ஏன் ஆள் நிரம்பினாலும் சில நாள் நிற்கிறது என்று.

"காலமை போன ஆள் பின்னேரம் வரேல்லையெண்டா விட்டிட்டு வாறதோ, தங்கச்சி? நீர் பிந்தின நாளில எத்தினைதரம் நிண்டனான்?"

சரிதான். முகம் பார்த்து எண்ணுவார். ஒரு முகம் குறைந்தால் நிற்பார். இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், இறங்கிப் போகமாட்டார்கள். போக வேறு வள்ளமும் இல்லை.

5 செப்டெம்பர், வெள்ளி

அந்த வகுப்பின் மிச்சத்தை நிலக்சனா சொன்னாள். அவள் சொன்னதில் பாதி அவளுக்கே விளங்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

7 செப்டெம்பர், ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். வியாழன் மட்டும் நிலக்சனா வீட்டில் தங்கி, வெள்ளி பின்னேரம் வருகிறேன் என்று. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆற்றையோ பிறத்தியார் வீட்டில நிக்கிறதோ?"

"ஆற்றையோ இல்லை அம்மா. நிலக்சனான்ர வீடு."

"கடைசி வள்ளத்துக்கு வாற மாதிரி ஒரு பாடத்தை எடன். அந்தச் சேரிட்டக் கேட்டுப் பாத்தனியோ? ஒரு மணித்தியாலம் முந்தித் தொடங்கச் சொல்லி. வசீகரனைக் கேட்டா அவன் நிக்கிறானெல்லே."

எனக்கு வந்துதே ஒரு விசர். வகுப்பென்ன வள்ளமோ? ஐம்பது பேர் படிக்கிற இடத்தில சீதேவியின்ர மகள் கோசலாவுக்கு வள்ளம் போகுதாம், முந்தித் தொடங்குங்கோ எண்டு போய்ச் சொல்லுறதோ? நான் கத்தினனான். அம்மா மீன் செதிலைத் தட்டிப்போட்டு, "கேட்டாத்தானே தெரியும்" எண்டா.

இப்போது ஆறிப்போய் எழுதுகிறேன். அப்பா செத்த பிறகு அம்மா ஒரு இரவும் தனியே இருக்கவில்லை. அதை அவர் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். இருட்டியதும் ரீவி சத்தத்தைக் கூட்டுகிறவர் அவர். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டும் இந்தப் பாடம் வேண்டும் என்றுதான் இருக்கிறது. இவ்வளவு நாளில் எனக்கு ஒன்று வேண்டும் என்று இருந்தது இதுதான் முதல்தரம்.

8 செப்டெம்பர், திங்கள்

பாரிஸிலிருந்து என் அண்ணா ஜெயரூபனின் குரல் பதிவு. அம்மா சொல்லிவிட்டிருக்கிறார். "பணமும் வங்கியும் எடு, பாங்கில வேலை எடுக்கலாம்." உயர்தரத்தில் பொருளியலை இரண்டுமுறை எடுத்து இரண்டுமுறையும் அதோடு கோபித்துக்கொண்டவரின் ஆலோசனை. ஆனாலும் பணமும் வங்கியும் காலையில்தான் நடக்கிறது.

9 செப்டெம்பர், செவ்வாய்

பணமும் வங்கியும். முடிவு. மற்றது மிஸ்ஸிடம் சொன்ன அபிவிருத்திப் பொருளியலே. விருப்பம் என்ன விருப்பம்.

10 செப்டெம்பர், புதன்

அம்மா சேலைக்கு இஸ்திரிக்கை போடுகிறார். நாளைக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலாம். என்ன அலுவல் என்று கேட்டால் "அலுவல்தான்" என்கிறார். நாளைக்கு வியாழன்.

12 செப்டெம்பர், வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. கொப்பி வீட்டில் இருந்தது, நான் வீட்டில் இல்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் அம்மா பல்கலைக்கழக வாசலில் குடையோடு நின்றார். "அந்தச் சேர் எத்தினை மணிக்கு வருவார்?" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாமா என்று இருந்தது. கெஞ்சினேன். "நான் மரியாதையாத்தான் கேப்பன்" என்றார். ஆரூரன் சேர் வந்த வேகத்தில் நேரே வகுப்புக்குள் போய்விட்டார். படிப்பிக்கிற ஆளை இடையில் மறிக்கக்கூடாது என்பது அம்மாவின் கொள்கை. முடியட்டும் என்று உள்ளே வந்து கடைசி வாங்கில் இருந்துவிட்டார். வகுப்பு முடிந்த பிறகு கேட்டால், வகுப்பை முந்தித் தொடங்கச் சொல்லும் ஆளே வள்ளத்தைத் தவறவிட்டுவிடுவார். இதைச் சொல்ல வாயெடுத்தேன். "வசீகரனுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், நிப்பான். நீ பாடத்தைக் கவனி" என்றார்.

சேர் அம்மாவை வெளிவாரி மாணவி என்று நினைத்தார்போல. எல்லோருக்கும் கொடுத்த தாள் அவருக்கும் ஒன்று போனது. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்தார்.

போன கிழமை விட்ட இடத்தில் தொடங்கினார்கள். காத்து நிற்பவரின் நேரத்துக்கு எப்படி விலை போடுவது என்று. எப்படியும் விடப்போகிற பாடம்தானே, வெட்கப்பட என்ன இருக்கிறது? எழும்பிக் கேட்டேன். எங்கள் கடைசி வள்ளத்தில் நாற்பது பேர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள் சேர், நட்டம் என்று தெரிந்தும் ஒருவரும் வள்ளத்தை விடச் சொல்வதில்லை, அதற்கு என்ன விலை போடுவீர்கள்? யாரோ சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. நாளைக்குத் தனக்காகவும் நிற்பார்கள் என்று நினைக்கிறார்களோ என்றார். நாளைக்கு ஊரைவிட்டே போகிறவரும் நிற்கிறாரே என்றேன். வேறு வள்ளம் இல்லாததாலோ என்றார். வள்ளம் இருந்தாலும் நிற்பார்கள் என்றேன். அப்படிப் போய்க்கொண்டே இருந்தது. அம்மா இருப்பதை மறந்துவிட்டேன், வள்ளத்தையும் மறந்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி நாக்கில் இருந்தபோது சேர் மணிக்கூட்டைப் பார்த்து முடித்தார்.

அம்மா எழும்பி நேரே அவரிடம் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சேர், பிள்ளைக்கு இன்னும் கேள்வி இருந்தது. நீங்கள் நேரத்தைப் பாத்து முடிச்சுப்போட்டியள்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு மணித்தியாலம் முந்தித் தொடங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சேர் அடுத்த கிழமை அதிலிருந்தே தொடங்குவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார்.

பஸ் தரிப்பில் நின்று அம்மா வசீகரன் அண்ணைக்குப் போன் எடுத்தார். கொஞ்சம் நில்லு தம்பி என்றார். அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது.

"அக்கா, யாழ்ப்பாணத்தில நிண்டுகொண்டு கொஞ்சம் எண்டா எப்பிடி? இஞ்சை நாப்பது சனம் இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். "சரி, விடு" என்றார்.

எனக்குத் தெரிந்து அம்மா கடைசி வள்ளத்தை விட்டது இதுதான் முதல்தரம். முகத்தில் பயம் வரும் என்று பார்த்தேன். வந்தது. பிறகு எங்களோடு பஸ்ஸுக்கு நின்ற நிலக்சனாவைப் பார்த்து, "பிள்ளை, உங்கட வீட்டுக்கு எந்த பஸ்?" என்றார்.

பஸ்ஸில் அல்லைப்பிட்டி வரைக்கும் அம்மா வழியில் தெரிந்த பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: "நீ இவ்வளவு கதைப்பியோ? வீட்டில ஓம், இல்லை எண்டதைவிட ஒரு கதையும் இல்லை." அம்மாவின் குடையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிலக்சனாவின் அம்மா மாக்கிறேற் அன்ரி நண்டுக்கறி வைத்திருந்தார். ஆற்றையோ வீட்டில் அம்மா மூன்றுமுறை சோறு போடுவித்துச் சாப்பிட்டார். இரண்டு பேரும் குசினிக்குள் இருந்து பிள்ளைகளைக் குறை சொல்லத் தொடங்கினார்கள். விஷயம் நிறைய இருந்ததால் எங்களுக்கு நித்திரை வந்த பிறகும் முடியவில்லை.

இன்று வள்ளத்தில் வரும்போது அம்மா தானாகச் சொன்னார்: "நேற்று எங்கட வீடு தனியத்தானே கிடந்தது. அதுக்கு என்ன நடந்தது? வியாழக்கிழமையில நானும் கிடப்பன்."

15 செப்டெம்பர், திங்கள்

ஜெனீற்றா மிஸ்ஸிடம் போனேன். போக்குவரத்துப் பொருளியல் என்றேன். ஏன் என்று கேட்டார். இந்தமுறை நாட்டை இழுக்கவில்லை. விருப்பம், மிஸ் என்றேன். மற்றதற்குப் பணமும் வங்கியும் எடுத்தேன், அண்ணாவுக்காக. அவர் அதைத் தன் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

18 செப்டெம்பர், வியாழன். நாரந்தனை

சேர் வாக்குத் தவறவில்லை. என் கேள்வியிலிருந்தே தொடங்கினார், பதில் இன்னும் வரவில்லை.

பொழுதுபட்டதும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் ரீவி சத்தம் பலமாகக் கேட்டது. சாப்பிட்டாயா, பாய் இருக்கா, மாக்கிறேற் என்ன கறி வைத்தா என்று கேட்டார். பிறகு, "காலமையே வசீகரனுக்குச் சொல்லிப்போட்டனான். வியாழக்கிழமையில பிள்ளையைப் பாத்து நிக்கவேண்டாம், வகுப்பெண்டு" என்றார்.

வள்ளம் நேரத்துக்கு வந்துவிட்டதாம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். எங்கள் ஊர்த் துறைக்குப் போய் நின்றாராம்.

"நான்தான் வரமாட்டனே அம்மா, ஏன் போனனீங்கள்?"

"வள்ளம் நேரத்துக்கு வருதோ எண்டு பாக்கத்தான்."

எல்லோரும் இறங்கி முடியும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம்.