துளசி குறைத்து வைத்த சத்தம்

2 மார்ச் 2025, ஞாயிறு

செரண்டா மண்டபத்துக் கல்யாணம் முடிந்தது. பெட்டிகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா வந்தார். எனக்குத்தான் கை கொடுக்கப்போகிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டிப் போய்த் துளசியிடம், "சவுண்ட் தேன் மாதிரிம்மா" என்றார். தேனாம்! ஸ்பீக்கர் என்னுடையது, மிக்சர் என்னுடையது, இருபது வருஷமாகக் கோலசிலாங்கூர் பக்கம் 'நல்லசாமி சவுண்ட்' என்று எடுத்த பெயர் என்னுடையது. தேன் மட்டும் என் பெண்டாட்டியுடையது.

எல்லாம் டெங்கியால் வந்த வினை. போன மாதம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒப்புக்கொண்ட கல்யாணத்தைக் கைவிட முடியாமல், அதுவரை என் கூட வந்து ஒயர் சுற்றிக்கொடுத்த துளசி மிக்சரில் உட்கார்ந்தாள். என்னோடு பெட்டி தூக்கும் செல்லன் கூடப் போனான். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

3 மார்ச்

இன்று வந்த போன்: "அண்ணே, அக்கா வருவாங்கதானே?"

ஏன், நான் வந்தால் போதாதா?

8 மார்ச், சனி

வீட்டின் பின்னறையை ஸ்டூடியோ ஆக்கியபோது சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியவன் நான். அதற்காக வீடே முட்டை தின்று சலித்தது. இன்று துளசி யூட்யூப்பில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "முட்டை அட்டை எதிரொலியப் புடிக்காதாம்ங்க, கனமான துணிதான் வேணுமாம்" என்றாள். பாடுகிறவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் பழைய மெத்தையை நிமிர்த்திவைத்து, அதன்மேல் கம்பளியைத் தொங்கவிட்டாள். மைக்கைச் சுவரோரத்திலிருந்து தள்ளி வைத்தாள். பதிவு செய்து கேட்டேன். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"பரவாயில்ல" என்றேன். 

ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால் நிற்கவேண்டும், பின்னால் நின்றால் கத்தும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? மைக் கத்தினால் மொத்தச் சத்தத்தையும் இறக்காதே, கத்துகிற சுருதியை மட்டும் தேடிக் குறை. இதைச் சொன்னது யார்? இப்போது அதையே அவள் செல்லனிடம் சொல்கிறாள். அவனும் இன்றுதான் கேட்பவன்போலத் தலையாட்டுகிறான். நான் தொண்டை கிழியச் சொன்னபோதெல்லாம் எங்கே போயிருந்தான் தடியன்?

15 மார்ச், சனி

பிடித்துவிட்டேன்.

கோலசிலாங்கூர் மண்டபத்தில் எல்லாம் சரிபார்த்து வைத்துவிட்டு, நீட்டு ஒயர் எடுக்க லோரிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கீச்சுச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ட்ரெபிள் திருகு ஒன்றுகூட நான் வைத்த இடத்தில் இல்லை. எல்லாவற்றையும் இடப்பக்கம் திருப்பிக் குறைத்துவிட்டிருக்கிறாள். பேச்சில் 'ச', 'ஸ' எல்லாம் பளிச்சென்று விழவேண்டுமென்று நான் ஏற்றிவைத்த திருகுகள்!

"கொஞ்சம் கூர்மையா இருந்துச்சுங்க... அதான்."

"கூர்மை இல்ல, அதுக்குப் பேரு தெளிவு. எத்தன நாளா நடக்குது இது?"

 குனிந்து ஒயர் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். மனதில் கள்ளம் இல்லாதவள் என்றால் நிமிர்ந்து பார்த்திருக்கவேண்டாமா? நான் வைப்பதை எனக்குப் பின்னால் மாற்றிவிட்டு, பாராட்டை முன்னால் நின்று வாங்கிக்கொள்கிறாள். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள்.

16 மார்ச்

திருகுகளின்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். இனித் தொடட்டும், பார்க்கலாம்.

22 மார்ச், சனி

ராசா ஊரில் நாகமணி அண்ணனுக்கு அறுபதாம் பிறந்தநாள். துளசியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். போகும்போது மனது லேசாகத்தான் இருந்தது.

கேக் வெட்டுவதற்கு முன்பே முன்மேசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நாகமணி அண்ணன் வந்து, "தம்பி, காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்குலா. கொஞ்சம் எறக்கு" என்றார். மொத்தச் சத்தத்தையும் இறக்கினேன். "இப்பப் பேசுறது கேக்கலயே" என்றார். ஏற்றினேன். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

தகரக் கூரை. தகரக் கூரைக்குக் கீழே எந்தச் சத்தமும் அப்படித்தான் தெறிக்கும். இது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். ஆனால் கிளம்பும்போது அவர் என் தோளைத் தட்டி, "அடுத்த தடவ தங்கச்சியக் கூட்டிட்டு வாப்பா" என்றாரே, அதற்கு என்ன கூரையைச் சொல்வது?

பொண்டாட்டி இல்லாம எனக்குத் தொழிலே தெரியாதா? அவ என்ன மந்திரமா போடுறா? வயிறு எரியுது. எழுதினாலும் எரியுது.

வீட்டுக்கு வந்ததும் "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். "பிரமாதம்" என்றேன்.

29 மார்ச், சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் தீபன் வந்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம், அதைத் தாண்டி முருகன் கோயில். அங்கே உறுமி மேளக் குழுவில் பாடுகிறவன். பங்குனி உத்திரத்துக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்யவேண்டும் என்றான். ஜன்னலை அடைத்து, காற்றாடியை நிறுத்தி, நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். துளசி கதவோரம் நின்றாள்.

பாதிப் பாட்டில் தீபன் நிறுத்தினான். "அண்ணே, அது என்ன சத்தம்?"

"என்ன சத்தம்?"

"சில்வண்டு" என்றாள் துளசி. "உள்ள பூந்துருச்சு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பதிவானதைத் திருப்பிப் போட்டேன். சுத்தமாக இருந்தது. "ஒண்ணுமில்ல, பாடு" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தேன்.

"ரெண்டு பேரும் சேந்து என்னக் கோமாளி ஆக்குறீங்களா? இந்த ரூம்ல எது கேக்குது, எது கேக்கலன்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

தீபன் ஒரு அடி பின்வாங்கினான்.  துளசி போய்க் கம்பளியின் ஓரத்தைத் தூக்கி, போன் வெளிச்சத்தை அடித்தாள். மெத்தை விளிம்பில் கறுப்பாக ஒரு சில்வண்டு. வெளிச்சம் பட்டதும் அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிறகைத் தூக்கியது. ஒன்றோடொன்றை உரச ஆரம்பித்தது.

"அப்பப்பா, என்னா கத்து கத்துது!" என்று தீபன் காதில் விரலை வைத்துக்கொண்டான்.

நான் முகத்தை அருகே கொண்டுபோனேன். இன்னும் அருகே. ரோட்டில் போன மோட்டார்சைக்கிள் கேட்டது. தீபன் மூச்சு விடுவது கேட்டது. சிறகு என் மூக்குக்கு நேரே துடித்துக்கொண்டிருந்தது. அது மட்டும் கேட்கவில்லை.

30 மார்ச், ஞாயிறு

காலையில் துளசியிடம் கேட்டேன். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"போன தீபாவளிலேர்ந்து. நீங்க ட்ரெபிள ஏத்திக்கிட்டே போனீங்க. மொதல்ல எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? சவுண்ட்காரர்கிட்டப் போயி ஒங்க காது போச்சுன்னா?" அழுதாள். "நீங்க ஸ்டேஜ் பக்கம் போகும்போது கொஞ்சம் எறக்கி வைப்பேன். நீங்க நல்லா வச்சீங்கன்னு எல்லாரும் சொல்லணும்னுதான்."

தீபாவளியிலிருந்தா? அப்படியென்றால் டெங்கி வருவதற்கு முன்பே. பொங்கல் கலை இரவில் மேடையில் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்களே, அன்றைக்கும் அவள் கைதானா? அந்தச் சால்வை யாருடையது? இத்தனை நாள், அவள் வாங்கும் பாராட்டு என்னுடையது என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

2 ஏப்ரல், புதன்

காது டாக்டரைப் பார்த்தோம். காதைச் சோதித்து எடுத்த படத்தில் கோடு நேராகப் போய், கீச்சுச் சத்தம் இருக்கும் வலப்பக்கம் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. இரண்டு காதும். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இத்தனை வருஷம் ஸ்பீக்கருக்கு முன்னால் காதடைப்பான் இல்லாமலா நின்றீர்கள் என்று கேட்டார். அதெல்லாம் பயந்தவன் போடுவது என்று நினைத்திருந்தேன். 

5 ஏப்ரல்

விடிந்தும் துளசி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத் தோடு, ஓரத்தில் ஒரு மச்சம். அதற்கு எல்லாம் கேட்கிறது. இந்த மாதிரி ஒரு பொறாமை எனக்கு யார்மேலும் வந்ததில்லை.

6 ஏப்ரல்

காதடைப்பான் வாங்கினேன். அவளுக்கும் சேர்த்து. "எனக்கெதுக்குங்க?" என்றாள். "பேசாம போடு" என்று கத்திவிட்டேன்.

11 ஏப்ரல், வெள்ளி

பங்குனி உத்திரம். வெயில் தாழுமுன் முருகன் கோயில் திடலில் சரிபார்ப்பு. தீபனின் குழு மேடையில் நின்றது. கமிட்டிக்காரர்கள் பந்தல் நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ராசாவிலிருந்து நாகமணி அண்ணனும் வந்திருந்தார்.

மிக்சரில் துளசி உட்காரட்டும் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். "கை ஒங்களோடதுங்க. நான் ஆளுங்க ஒக்கார்ற எடத்துல நின்னு கேக்குறேன்." திடலுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். அடிச்சத்தத்தையும் நடுச்சத்தத்தையும் நானே வைத்தேன். அதில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. உறுமி நெஞ்சில் இடித்தது. அது எனக்கு நன்றாகவே கேட்டது.

பிறகு ட்ரெபிள். கறுப்பு டேப்பைப் பிய்த்துவிட்டுத் திருகில் விரலை வைத்தேன். தீபன் பாடினான்.

"கொறைங்க" என்று துளசி அங்கிருந்தே சத்தம் போட்டாள். கமிட்டிக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முகம் சுட்டது. குறைத்தேன்.

"இன்னும்."

குறைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்... போதும்."

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.