கமலத்துக்குச் சொல்லாதது

1963 ஜூலை 9, செவ்வாய்

மட்டாஞ்சேரியில் நான் நடத்தும் பெண்பிள்ளைகள் மாலை வகுப்புக்கு இன்று கமலத்தின் அம்மா வந்தாள். கமலம் தைத்துப் பழகிய துணியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இனி அவ வரமாட்டா டீச்சரே. வயத்துல நாலு மாசம்."

கமலத்துக்குப் பதினைந்து வயது. எனக்கு அழுகை வரவில்லை. துணியை மடித்து அலமாரியில் வைத்தேன்.

"மாசாமாசம் வர்றது நின்னா என்னன்னுகூட அவளுக்குத் தெரியலை. நானும் சொல்லித் தரலை" என்றாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரி நர்ஸ் சாரதா, பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டாள். ஊர் ஏசும், வகுப்பையே மூடச் சொல்வார்கள் என்று நான்தான் தடுத்தேன். அதைக் கமலத்தின் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவள் போனதும் சாரதா வீட்டுக்கு நடந்தேன். "வெள்ளிக்கிழமை வந்து பேசணும் சேச்சி" என்றேன்.

"ஆராவது ஏசினா?"

"ஏசட்டும்."

அவள் எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டாள். பதினொன்று என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பழக்கத்தில் கமலத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.