கிண்ணத்தில் கிடக்கும் நட்டு

மருமகளே,

போனைச் சார்ஜில் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறாய். வந்ததும் முதல் காரியமாக உன் புருஷனைக் கூப்பிட்டு, வண்டியை இருக்கிற இடத்திலேயே நிறுத்தச் சொல்.

பழைய சீமை வண்டியின் முன்சக்கர நட்டு மண்ணெண்ணெய்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது. துருப் போக அது ஊறும்வரை பொறுக்காமல் கடை நட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அந்த நட்டின் திருகு மரை இந்த வண்டிக்குச் சேராது. இறுகினது போலிருக்கும், ஓட்டத்தில் கழன்று சக்கரம் தனியாகப் போய்விடும். நேற்றே தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நீங்க யாரைத்தான் நம்புனீங்க"ன்னு கேட்டான். இன்று என் போனை எடுக்கவே மாட்டேனென்கிறான். உன் போனைத் திறக்க எனக்குத் தெரியவில்லை.

நட்டோடு அவன் அச்சாபீசுக்கு ஓடுகிறேன். பாலை இறக்கிவிட்டேன். உன்னிடம் சாவி இல்லையே, கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போகிறேன். திருடன் வந்தால் வரட்டும்.

இன்னொன்று. நான் சொன்னதாகச் சொல்லாதே, வீம்புக்கென்றே ஓட்டுவான். பயப்படுவது நீ என்று சொல்.